ரெண்டரை ஆள் கணக்கு

மதுரையில் ஒரு கல்யாணம். அதற்கு நான்கு வாரம் முன்னால் ஒரு மளிகை பில். இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு மனிதரின் கணித அறிவு சந்தி சிரித்தது. அந்த மனிதரை இங்கே ‘நம்மவர்’ என்று மட்டும் வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். அது ஒரு மொய் நோட்டில் ஏறியிருக்கிறது. அந்த வில்லங்கம் கடைசியில் வரும்.

நம்மவர் பி.காம். படித்தவர். கையில் எப்போதும் போன், போனுக்குள் கால்குலேட்டர். போனைப் படுக்கவைத்துப் பிடித்தால் சைன், காஸ், டேன் எல்லாம் எட்டிப் பார்க்கும். அவற்றோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது என்றாலும், வீட்டில் இருக்கின்றன என்பதே ஒரு தெம்பு. அவருடைய அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டே கணக்குப் போடுகிறவர்.

ஒரு மாதச் சாமானை வாங்கி ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு நம்மவர் வந்து இறங்கினார்.

“எவ்வளவுடா ஆச்சு?”

“நாலாயிரத்து முந்நூத்து எம்பத்தாறு.”

“இருக்காதே. மூவாயிரத்து நூறத் தாண்டாதே.”

“மிஷின்ல வந்த பில்லும்மா.”

“மிஷினா ஒலை வைக்கப்போகுது? நாந்தான வைக்கப்போறேன். என்னென்ன வாங்குன, சொல்லு.”

நம்மவர் விடவில்லை. போனை எடுத்துப் பில்லில் இருந்த தொகைகளை ஒன்றுவிடாமல் தட்டிக் கூட்டினார். 4,386. பைசா பிசகவில்லை. வெற்றிப் புன்னகையோடு திரையை அம்மா முன் நீட்டினார். அம்மா திரையைப் பார்க்கவில்லை; பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா போட்டது பள்ளிக்கூடத்துக் கூட்டல் அல்ல, பூ கட்டுவது மாதிரி சேர்த்துக் கட்டும் வேலை. அரிசி 640, அது 650 ஆச்சு. துவரம்பருப்பு 330, அது 350. நல்லெண்ணெய் 395, அது 400. மூன்றும் சேர்ந்து 1,400. கடலெண்ணெய் 380-உம் உளுந்து 284-உம் ஒரு ஜோடி, 650 என்று வைத்துக்கொண்டார். வற்றல் 118, புளி 180: இன்னொரு ஜோடி, 300. சர்க்கரை 92-ஐ நூறாக்கி, காபித்தூள் 330-ஐ 350 ஆக்கி, 450. தேங்காய் மூன்றும் சோப்பும் சேர்த்து 300. ஆக 3,100. ஒன்றைக் கொஞ்சம் தூக்கி, ஒன்றைக் கொஞ்சம் இறக்கி, ஜோடி சேர்ந்தால் முழு எண்ணாக வருபவற்றை ஜோடி சேர்த்து, காய்கறி நறுக்கும் நேரத்தில் முடிந்துபோன கணக்கு அது.

“தேங்கா எத்தனைன்னு போட்டிருக்கான்?”

நம்மவர் பில்லை இன்னொரு தடவை பார்த்தார். தேங்காய் 33. ஒன்று 45 ரூபாய் வீதம் 1,485. கல்லாவில் இருந்தவரின் விரல் மூன்றை இரண்டு முறை அழுத்தியிருக்கிறது.

“முப்பத்து மூணு தேங்காய நீ எதுலடா தூக்கிட்டு வந்த? இந்த ஸ்கூட்டர்லயா?”

கூட்டல் சரி, தேங்காய்தான் தப்பு. இதைக் கால்குலேட்டர் கண்டுபிடிக்காது. முப்பத்து மூன்று தேங்காயை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்த ஒருவனைப் பார்த்து அதற்கு ஆச்சரியம் வராது. நம்மவர் கடைக்குத் திரும்பிப்போய் 1,350 ரூபாயை வாங்கி வந்தார். உண்மையான பில் 3,036. அம்மாவின் கணக்குக்கும் அதற்கும் வித்தியாசம் 64 ரூபாய். இயந்திரத்தின் கணக்குக்கும் அதற்கும் வித்தியாசம் 30 தேங்காய்.

இந்த வித்தைக்குப் பள்ளிப் பாடப்புத்தகம் ‘தோராயம்’ என்று பெயர் வைத்திருக்கிறது. அலுவலகக் கடிதத்தில் ‘உத்தேசமாக’. கொத்தனார், தச்சர் வாயில் ‘கண்திட்டம்’. வீட்டில் ‘குத்துமதிப்பு’. கடைசி வார்த்தையைக் கேட்டால் ஏதோ சோம்பேறிகள் கண்டுபிடித்த வேலை மாதிரித் தோன்றும். ஆனால் இந்த ஊரில் குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டவர்கள் துல்லியம் தெரியாதவர்கள் அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை மனப்பாடம் செய்த பையனுக்கு அரை, கால், அரைக்கால் என்று பாதி பாதியாக இறங்கி, பதினாறில் ஒன்றான மாகாணி வரை சர்வசாதாரணம். இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. நெல் அளப்பதிலும் இதே இரட்டிப்பு ஏணிதான்: இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. முந்நூற்றிருபதில் ஒரு பங்குக்குப் பெயர் வைத்திருந்தவர், “சும்மா ஒரு நூறு தேறும்” என்று சொன்னால் அதில் ஒரு கனம் இருந்தது. நம்மவருக்கு முந்திரி என்றால் பாயசத்தில் மிதப்பது.

அந்தப் பாயசம் அடுத்த மாதமே வந்தது. நம்மவரின் பெரியம்மா மகளுக்குக் கல்யாணம். பெண்ணின் அப்பா, அதாவது பெரியப்பா, சமையல் மாஸ்டரை வரச்சொல்லியிருந்தார். ‘கணக்குப் பார்த்துக்கொள்ள’ நம்மவரும் கூட இருந்தார்.

“எத்தனை பேருக்குங்கய்யா?” என்றார் மாஸ்டர்.

பெரியப்பா, “ஒரு ஐநூறு... எதுக்கும் ஆயிரம் வச்சுக்கங்க” என்றார். ஐநூறுக்கும் ஆயிரத்துக்கும் நடுவில் ஒரு முழுக் கல்யாணமே இருக்கிறது என்பது அவருக்கு உறைக்கவில்லை. நம்மவர் போனில் எக்செல் திறந்து, சொந்தக்காரர் ஒவ்வொருவரின் பெயரையும் ஏற்ற ஆரம்பித்தார். பதினேழாவது பெயரில், “இவங்க நம்மகூட இப்பப் பேசுறாங்களா?” என்ற கேள்வி எழுந்து வேலை நின்றது.

மாஸ்டர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். “பத்திரிகை எத்தனை அடிச்சீங்க?”

“நானூறு.”

“அன்னைக்கு வேற முகூர்த்தம் நெறையா?”

“பெரிய முகூர்த்தந்தான்.”

“அப்ப நாலுல ஒண்ணு வராது. நூறு போச்சு. முந்நூறு வீடு. வீட்டுக்கு ரெண்டரை ஆளு. எழுநூத்தம்பது இலை, அதுக்கு மேல வேணாம்.”

“அது என்னண்ணே ரெண்டரை? அரை ஆளு யாரு?”

“அப்பளம் மட்டும் திங்கிற பிள்ளை இருக்குல்ல, அது அரை. சுகர்னு சொல்லிட்டு பாயசத்த ரெண்டாவது தடவை கேக்குற பெருசு ஒண்ணர. கூட்டிக் கழிச்சா சரியாப் போகும்.”

‘கூட்டிக் கழித்தால் சரியாகப் போகும்’ என்பதில்தான் சூட்சுமம். எத்தனை பேர் வருவார்கள் என்ற ஒரே பெரிய கேள்விக்கு யாருக்கும் விடை தெரியாது. அதை மூன்று சின்னக் கேள்விகளாக உடைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஓரளவு தெரியும். ஒரு வீட்டிலிருந்து ஐந்து பேர் வேன் பிடித்து வருவார்கள். இன்னொரு வீட்டிலிருந்து தாத்தா மட்டும் குடையோடு வருவார். ஒரு பக்கத்துத் தப்பு கூடும், ஒரு பக்கத்துத் தப்பு குறையும், ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாகும்.

மாஸ்டர் செய்ததை உலகம் பெர்மி கணக்கு என்கிறது. என்ரிகோ பெர்மி நோபல் பரிசு வாங்கிய இயற்பியலாளர். சிகாகோ நகரத்தில் எத்தனை பியானோ ட்யூனர்கள் இருப்பார்கள் என்று மாணவர்களைக் கேட்பாராம். ஜனத்தொகை எவ்வளவு, எத்தனை வீட்டுக்கு ஒரு பியானோ, வருஷத்துக்கு எத்தனை தடவை சுருதி சேர்ப்பார்கள், ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை பியானோ பார்ப்பான் என்று படிப்படியாக இறங்கினால் விடை பக்கத்தில் வந்து நிற்கும். 1945 ஜூலை 16-ஆம் தேதி நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டுச் சோதனை நடந்தபோது, பத்து மைல் தள்ளி நின்றிருந்த பெர்மி, வெடிப்பின் காற்று வந்து சேரும் நேரம் பார்த்துக் கையிலிருந்த காகிதத் துண்டுகளை விட்டார். அவை சுமார் இரண்டரை மீட்டர் தள்ளிப்போய் விழுந்தன. அதை வைத்து, குண்டின் வலு பத்தாயிரம் டன் டிஎன்டி இருக்கும் என்றார். பிற்பாடு கருவிகளை வைத்துக் கணக்கிட்டபோது இருபதாயிரத்துக்கு மேல் வந்தது. பாதிதானே சொன்னார் என்று கேட்கலாம். ஆயிரமும் அல்ல, பத்து லட்சமும் அல்ல, அந்த வட்டாரம்தான் என்று நாலு காகிதத் துண்டை வைத்துச் சொன்னதுதான் விஷயம். அங்கேயும் ஒரு ரெண்டரை இருந்தது என்பதை நம்மவர் பின்னாளில் படித்துவிட்டு மாஸ்டரிடம் சொன்னார். “அவரும் நம்ம தொழிலா?” என்று கேட்டார் மாஸ்டர்.

ஆள் எண்ணிக்கை வந்துவிட்டால் மற்றதெல்லாம் சங்கிலி. ஒரு கிலோ அரிசிக்குப் பத்துப் பேர் என்றால் எழுபத்தைந்து கிலோ. அதாவது மூன்று மூட்டை. நம்மவர் உடனே, “மூணு இருபத்தஞ்சு எழுபத்தஞ்சு, கச்சிதம்!” என்றார். மாஸ்டர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். இப்போது கடையில் மூட்டை 26 கிலோ. 2022 ஜூலையில் 25 கிலோ வரை பை போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும், ஆலைக்காரர்கள் ஒரு கிலோவைக் கூடப் போட்டுத் தைத்து வரிக்கு வெளியே வந்துவிட்டார்கள். எனவே மூன்று மூட்டை என்றால் 78 கிலோ. “அந்த மூணு கிலோ, ரசத்துக்கு ரெண்டாந்தடவை சோறு கேக்குறவங்களுக்கு” என்றார் மாஸ்டர்.

பெரியப்பா வீட்டுத் திண்ணையில் இன்னொரு கணக்காளரும் இருந்தார். வங்கியில் முப்பத்தைந்து வருஷம் காசாளராக இருந்து ஓய்வுபெற்ற மாமா. எண்களோடு அவருக்குச் சொந்தபந்தம் போல ஒரு உறவு. எந்த எண் எந்த எண்ணுக்கு என்ன முறை என்று தெரியும். மண்டபத்திலிருந்து எழுதிக் கொடுத்த சீட்டு வந்தது. வாடகை 85,000, பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி 15,800. நம்மவர் போனைத் தேடுவதற்குள் மாமா, “தப்பு” என்றார்.

“எப்படி மாமா?”

“ஒண்ணும் அஞ்சும் ஆறு, எட்டு சேர்த்தா பதினாலு. ஒம்போதாம் வாய்ப்பாட்டுல பதினாலு ஏதுடா?”

விஷயம் இதுதான். பதினெட்டு என்பது ஒன்பதின் மடங்கு. தொகை முழு நூறுகளாக இருந்தால், அதன் பதினெட்டு சதவீதமும் ஒன்பதின் மடங்காகத்தான் வரும். ஒன்பதின் மடங்கு எதுவாக இருந்தாலும் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதிலேயே வந்து முடியும். 14 வந்தால் யாரோ கை தவறியிருக்கிறார்கள். சரியான தொகை என்ன என்பதற்கும் மாமாவுக்குக் காகிதம் தேவைப்படவில்லை. பதினெட்டு சதவீதம் போடுவது கஷ்டம். இருபது சதவீதம் சுலபம். 85,000-க்கு இருபது சதவீதம் 17,000. அதில் பத்தில் ஒரு பங்கு 1,700-ஐக் கழித்தால் 15,300. கூட்டிப் பாருங்கள்: ஒன்றும் ஐந்தும் மூன்றும் ஒன்பது. மண்டபத்துக்காரருக்குப் போன் போனது. மூன்றைத்தான் எட்டு மாதிரி எழுதிவிட்டேன் என்றார் அவர். அந்த எழுத்தை நம்புவதா ஒன்பதை நம்புவதா என்பதில் மாமாவுக்குச் சந்தேகமே இல்லை.

இதே மாமாதான் பெரியப்பாவை ஒரு பெரிய பள்ளத்திலிருந்து தூக்கிவிட்டவர். கல்யாணச் செலவுக்கு இரண்டு லட்சம் குறைந்தது. தெரிந்தவர் ஒருவர் ‘ரெண்டு வட்டி’க்குத் தருவதாகச் சொன்னார். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். இரண்டுதானே என்று காதுக்கு இதமாக இருக்கும். மாமா 72-ஐ இரண்டால் வகுத்து 36 என்றார். வட்டியைக் கட்டாமல் விட்டு, வட்டிக்கு வட்டி ஏறினால், முப்பத்தாறாவது மாதத்தை ஒட்டி இரண்டு லட்சம் நாலு லட்சம் ஆகும் என்று அர்த்தம். லாகரிதம் போட்டுத் துல்லியமாகப் பார்த்தால் 35 மாதம். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் காலம் கிடைக்கும் என்ற இந்தச் சூத்திரம், 1494-இல் வெனிஸில் அச்சான லூகா பாசியோலியின் கணிதப் புத்தகத்திலேயே இருக்கிறது. வருஷ வட்டி 9 சதவீதம் என்றால் எட்டு வருஷம். 12 என்றால் ஆறு. பெரியப்பா அன்று சாயங்காலமே பெரியம்மாவின் வளையல்களோடு வங்கி நகைக்கடனுக்குப் போனார். பெரியம்மா இந்தச் சூத்திரத்தை இன்றுவரை மன்னிக்கவில்லை.

மாமாவிடம் தேதி வித்தையும் உண்டு. எந்தத் தேதி சொன்னாலும் கிழமை சொல்வார். ஏப்ரல் 4, ஜூன் 6, ஆகஸ்ட் 8, அக்டோபர் 10, டிசம்பர் 12: எந்த வருஷமானாலும் இந்த ஐந்தும் ஒரே கிழமை. 2026-இல் சனி. அப்படியென்றால் ஆகஸ்ட் 15-உம் சனி. அக்டோபர் 2 வெள்ளி. அடுத்த வருஷம் ஒரு கிழமை தள்ளி ஞாயிறு. 2028 லீப் வருஷம் என்பதால் இரண்டு தாண்டிச் செவ்வாய். ஜான் கான்வே என்ற ஆங்கிலக் கணித மேதை இதை ஒழுங்குபடுத்தினார். அவருடைய கணினி, உள்ளே விடுவதற்கு முன் ஏதேதோ தேதிகளைக் காட்டிக் கிழமை கேட்கும்படி வைத்திருந்தாராம். நம்மவருடைய போன் கைரேகை கேட்கிறது. அதுவே நாலு தடவைக்கு ஒரு தடவைதான் பொருந்துகிறது.

கல்யாணத்துக்கு முதல்நாள் பலாப்பழம் வந்து இறங்கியது. பாயசத்துக்கு. மாமா ஒரு செய்தியை எடுத்துவிட்டார். காரி நாயனார் எழுதிய கணக்கதிகாரம் என்ற பழைய நூலில், பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளை எண்ணிக்கை. நம்மவர் குனிந்து, கண்ணை இடுக்கி, விரலில் இரண்டு இடத்தில் குத்துப்பட்டு, 85 முள் எண்ணினார். ஆறால் பெருக்க 510. ஐந்தால் வகுக்க 102. பழம் அறுக்கப்பட்டது. ஒரு தாம்பாளத்தில் சுளையை எடுத்து வைக்க வைக்க, நம்மவர் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார். நாற்பதைத் தொட்டபோது வாசலில் ஆட்டோக்காரர் கூப்பிட்டார். போய்த் திரும்பினால் தாம்பாளத்தில் இருபத்தாறு. சுற்றிலும் ஐந்து குழந்தைகள், ஐந்து வாயும் மூடியிருந்தன. கொட்டைகளையாவது எண்ணுவோம் என்றால், பாதிக் கொட்டை அப்பத்தா வசம் குழம்புக்குப் போய்விட்டது. காரி நாயனாரின் கணக்கு சரியா தப்பா என்பது அந்த வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை.

அப்பத்தாவுக்கு இந்த ஆறு, ஐந்து, பத்து எல்லாம் சிரிப்பு. அவர் கணக்குப் படித்தது பதினாறு அணா காலத்தில். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று அரசாங்கம் மாற்றியபோது அப்பத்தா பாவாடை கட்டிய பெண். ஒரு அணாவுக்கு ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? எனவே ஒரு அணா 6 பைசா என்று ஆனது. மூன்று அணா பதினெட்டே முக்கால், அது 19 பைசா. ஒரு அணாச் சாமான் மூன்றை மொத்தமாக வாங்கினால் 19. தனித்தனியாக வாங்கினால் ஆறும் ஆறும் ஆறும் 18. அப்பத்தா கடைக்கு மூன்று நடை நடந்தாராம். “ஒரு பைசா மிச்சம்டா, அந்தக் காலத்துல!” நாடு முழுவதும் ஒரே நாளில் தோராயம் போட்டதில் லாபம் பார்த்த ஒரே ஆள் தான்தான் என்று அவருக்கு நினைப்பு. 25 பைசா நாணயமே 2011 ஜூனோடு செல்லாமல் போய்விட்டது. ஆனாலும் நம்மவரைப் பற்றிப் பேச்சு வந்தால், “நாலணாவுக்குப் பிரயோஜனமில்ல” என்றுதான் அப்பத்தா வாயில் வரும்.

பூ வாங்கப் போனதைச் சொல்லாமல் விட முடியாது. நூற்றைம்பது முழம் மல்லிகை. நம்மவர் நேராக விலை குறைவாகச் சொன்ன பூக்காரம்மாவிடம் போய் நின்றார். முழத்துக்கு ஐந்து ரூபாய் குறைவு. 750 ரூபாய் மிச்சம் என்று போன் சொன்னது. பின்னாலேயே வந்த அவருடைய அம்மா, பூக்காரம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, பூவையும் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. புத்தகத்தில் 18 அங்குலம். சந்தையில் அளக்கிறவர் கை எவ்வளவோ அவ்வளவு. குட்டையான அந்த அம்மாவுக்கு 16 அங்குலம்தான் இருக்கும். முழத்துக்கு இரண்டு அங்குலம் என்றால் நூற்றைம்பது முழத்துக்கு 300 அங்குலம். இருபத்தைந்து அடி மல்லிகை! “நெட்டைக்காரியாப் பாத்து வாங்கணும்டா” என்று இரண்டு கடை தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.

எண்சாண் உடம்பு என்று சொல்வது வெறும் பேச்சல்ல என்பதை நம்மவர் அன்று ராத்திரிதான் சோதித்தார். அவருடைய சாண் 21 சென்டிமீட்டர். எட்டால் பெருக்கினால் 168. ஐந்தடி ஆறங்குலம். இத்தனை நாளாக அவர் சொல்லிவரும் உயரம் ஐந்தடி எட்டு. கையே காட்டிக்கொடுத்துவிட்டது.

கல்யாணம் நன்றாக நடந்தது. பந்தி முடிந்து மீதி இலையை எண்ணிக் கழித்ததில், போட்ட இலை 738. மாஸ்டர் சொன்னதற்குப் பன்னிரண்டு குறைவு. “மழை தூறுச்சுல்ல” என்றார் அவர், தன் கணக்கில் குறை இல்லை, வானத்தில்தான் குறை என்பது போல.

கடைசியாக மொய். மண்டபத்தின் மூலையில் மேசை, நோட்டு, டப்பா, பக்கத்தில் ஒரு கியூஆர் அட்டை. 287 பேர் மொய் எழுதியிருந்தார்கள். இலையை இதால் வகுத்தால் ஆளுக்கு இரண்டரைக்குச் சற்று மேலே. மாஸ்டர் இதைக் கேட்க அங்கே இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மாமாவும் நம்மவரும் கணக்கை முடிக்க உட்கார்ந்தார்கள். கையில் இருந்த பணமும் போனில் வந்ததும் சேர்த்து 3,12,436. நோட்டின்படி 3,11,986. பணம் 450 கூட இருக்கிறது. கூட இருந்தால் நல்லதுதானே என்றார் நம்மவர். மாமா அவரை ஒரு பார்வை பார்த்தார். முப்பத்தைந்து வருஷக் காசாளருக்குப் பணம் கூடுவதும் குறைவதும் ஒரே வியாதி.

“நானூத்தம்பது ஒம்போதால போகுதா?”

நாலும் ஐந்தும் ஒன்பது. போகிறது.

“அப்ப எண்ணு ரெண்டு இடம் மாறி உக்காந்திருக்கு. தேடு.”

பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டு இடம் மாறினால், வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் வரும். கணக்கெழுதும் தொழிலில் இது பழைய பாலபாடம். நம்மவர் பி.காமில் இதைப் படித்த ஞாபகம் இல்லை. அன்று வகுப்புக்குப் போன ஞாபகமும் இல்லை. ஒன்பதாவது பக்கத்தில் கிடைத்தது. உறையில் 1,501, நோட்டில் 1,051. திருத்தியதும் நோட்டும் 3,12,436. நம்மவர் எழுந்து சோம்பல் முறித்தார்.

மாமா எழவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அந்த எண்ணின் கடைசி இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை பேரு?”

“இருநூத்தி எம்பத்தேழு.”

“மொய் எல்லாம் ஒண்ணுல முடியும். நூத்தியொண்ணு, ஐநூத்தியொண்ணு, ஆயிரத்தியொண்ணு. எம்பத்தேழுன்னா மொத்தம் ஏழுல முடியணும். இது ஆறுல முடியுது. எவனோ ஒருத்தன் ஒத்த ரூவா வைக்காம மொய் வச்சிருக்கான்.”

“ஒருத்தன்தான்னு எப்படி மாமா சொல்றீங்க?”

“ஒருத்தன். இல்லாட்டி பதினோரு பேரு. பதினோரு பேரு அப்படி இருக்க வழியில்ல.”

நம்மவருக்குத் தூக்கம் வந்தது. திடீரென்று, மிகக் கடுமையாக. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மாமா அதற்குள் நோட்டைப் பின்னாலிருந்து புரட்டிக்கொண்டிருந்தார். எச்சில் தொட்டு ஒரு தாள், இன்னொரு தாள். விரல் ஒரு வரியில் நின்றது. ரூபாய் 2,000. ஜிபே. அதற்கு முன்னால் இருந்த பெயரை மாமா சத்தமாக வாசிக்கவில்லை. நோட்டை மட்டும் நம்மவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“ரவுண்டா இருக்கட்டுமேன்னு...” என்றார் நம்மவர்.

மாமா உள்ளங்கையை நீட்டினார். நம்மவர் சட்டைப்பையைத் தடவினார், பேன்ட் பையைத் தடவினார். சில்லறை என்று ஒன்றைக் கண்டு மாதக்கணக்காயிற்று. போனை எடுத்தார். கியூஆர் அட்டையை யாரோ கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள்.

தூணோரமாகப் பாயில் படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து மாமாவின் கையில் வைத்தார். மாமா 2,000-ஐத் திருத்தி 2,001 ஆக்கிவிட்டு, மொத்தத்தின் ஆறை ஏழாக மாற்றினார்.

“எப்பம்மா முடிஞ்சு வச்சீங்க?” என்று கேட்டார் நம்மவர்.

“காலைல, நீ கெளம்புறப்பவே” என்று சொல்லிவிட்டு அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டார்.